பழைய விமானத்தின் உடலில் வெடிப்பு இருக்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

உப்புவெளிக்காரன்:

விமானப் பராமரிப்பில் வேலை செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைக்க வேண்டும்.

என் தொழில் சுழியோடிகளுக்குக் காற்றுச் சிலிண்டர் நிரப்பிக் கொடுப்பது. அலுமினியச் சிலிண்டர், 200 பார் அமுக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை தண்ணீர்ச் சோதனைக்கு அனுப்புகிறோம். உள்ளே தண்ணீரை நிரப்பி, வழக்கமான அமுக்கத்தைப்போல் ஒன்றரை மடங்கு, சிலவற்றுக்கு அதற்கும் மேலே ஏற்றுவார்கள். எவ்வளவு விரிகிறது, அமுக்கத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று அளப்பார்கள். தேறினால் தோளில் திகதியைக் குத்தி அனுப்புவார்கள். தேறாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அத்தோடு விடயம் முடிந்தது.

விமானமும் காற்றை அடைத்துக்கொண்டு பறக்கும் அலுமினியக் குழாய்தானே? அதை ஏன் இப்படி ஒரே சோதனையில் தேற்றிவிட முடியாது? வயதைக் கேட்டால் ஆண்டுக் கணக்கு முக்கியமில்லை, எத்தனை தடவை பறந்தது என்பதுதான் கணக்கு என்கிறார்கள். அது ஏன்?

இதெல்லாம் இப்போது மண்டையைக் குடைவதற்குக் காரணம் இருக்கிறது. அண்மையில் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்குப் போனபோது, ஏறும் கதவுக்குச் சற்றுக் கீழே ஒரு தகட்டை மேலே வைத்து ரிவெட் அடித்திருந்ததைப் பார்த்தேன். நிறம்கூடச் சற்று வேறாக இருந்தது. ஒட்டுப் போட்ட சிலிண்டரை எவனாவது என்னிடம் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். விமானத்தில் மட்டும் அது எப்படிச் சரியாகும்?

மட்கோ ராசா:

ஒட்டுப் போட்ட விமானத்தில் ஏறி, பத்திரமாகத் திரும்பி வந்து கேள்வியும் கேட்கிறீர்கள் அண்ணா, அதுவே பெரிய விடயம். 1988இல் ஹவாயில் அலோஹா விமானம் ஒன்றின் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. முன்பக்கத்தில் இருந்த பயணிகள் தலைக்கு மேல் வானத்தைப் பார்த்தபடியே தரையிறங்கினார்கள். அதற்கு முன்னர் 1954இல் கொமெட் விமானங்கள் இரண்டு, சதுர ஜன்னல் வைத்த குற்றத்துக்காக வானத்திலேயே சிதறின. நான் கொழும்புக்கே இரவு ரயிலில்தான் போகிறேன்.

பழைய ஹங்கர்காரன்:

வளைகுடா நாடொன்றில் விமானப் பராமரிப்புக் கூடத்தில் முதலில் தகட்டு வேலையும், பிறகு வெடிப்புச் சோதனையும் பார்த்தவன் நான். இப்போது திருகோணமலை ஓர்ஸ்ஹில்லில் சும்மா இருக்கிறேன். நேரம் இருப்பதால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராசாவுக்கு. கொமெட்டின் ஜன்னல் சதுரம் என்பது சந்தியில் பேசும் கதை. மூலைகளை வளைத்துத்தான் வெட்டியிருந்தார்கள். மூலையில் வந்த தகைப்பு, அதாவது உலோகத்தின் ஒவ்வொரு சிறு பரப்பும் தாங்கும் இழுவிசை, அவர்கள் கணக்கிட்டதைவிடக் கூடுதலாக இருந்ததுதான் வினை. எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்த விமானத்தில் வெடிப்புத் தொடங்கிய இடம் பயணிகளின் ஜன்னலே அல்ல. வழிகாட்டும் வானொலிக் கருவியின் அன்ரெனாவுக்காகக் கூரையில் விட்ட திறப்பின் மூலை அது.

உப்புவெளித் தம்பி கேட்ட தண்ணீர்ச் சோதனைக்கும் இந்தக் கொமெட்டில்தான் பதில் இருக்கிறது. இரண்டு விமானங்கள் அடுத்தடுத்து விழுந்ததும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு முழுக் கொமெட்டைச் சுற்றித் தொட்டி கட்டினார்கள். இறக்கைகள் மட்டும் தொட்டியின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர். பயணியறைக்குள் அமுக்கத்தை ஏற்றுவார்கள், இறக்குவார்கள், மறுபடியும் ஏற்றுவார்கள். இறக்கைகளை ஜாக்கி வைத்து வளைப்பார்கள். தண்ணீர் ஏன் என்பது உங்களுக்கே தெரியும். காற்றை அடைத்து வெடித்தால் கட்டடமும் சேர்ந்து போயிருக்கும். தண்ணீரில் கிழிந்தால் கிழிந்த இடம் அப்படியே கிடைக்கும். அந்த விமானம் ஏற்கெனவே 1,200 தடவைக்கு மேல் பறந்தது. பறந்ததையும் தொட்டியில் ஏற்றி இறக்கியதையும் சேர்த்து ஏறக்குறைய 3,000 சுற்று வந்தபோது அறையின் சுவர் கிழிந்தது.

இப்போது கவனமாகப் படியுங்கள். விபத்துகளுக்கு முன்னரே, தயாரித்தவர்கள் கொமெட் உடலின் ஒரு துண்டை இதே முறையில் சோதித்திருந்தார்கள். அது 16,000 சுற்றையும் தாண்டி நின்றது. எல்பாவில் விழுந்ததோ 1,290 தடவைதான் பறந்தது. ஏன் இந்த வித்தியாசம்? அந்தச் சோதனைத் துண்டுக்கு ஆரம்பத்தில் வழக்கமான அமுக்கத்தைப்போல் இரண்டு மடங்கு கொடுத்துப் பார்த்திருந்தார்கள். நீங்கள் சிலிண்டருக்குச் செய்கிற அதே வேலை. அந்த மிதமிஞ்சிய அமுக்கத்தில் மூலையில் உள்ள உலோகம் சற்று இளகி விரிந்தது; அமுக்கம் இறங்கியதும் சுற்றியுள்ள உலோகம் அதை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. நெருக்கிப் பிடித்த இடத்தில் வெடிப்புப் பிறப்பது கடினம். பயணிகளோடு பறந்த விமானங்களுக்கு அந்த வைத்தியம் நடக்கவில்லை. பலத்தைப் பார்ப்பதற்காகச் செய்த சோதனையே ஆயுட்காலக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டது.

ஆகவே உங்கள் தண்ணீர்ச் சோதனை பதில் சொல்வது ‘இன்றைக்கு இது தாங்குமா’ என்ற கேள்விக்கு. விமானத்துக்கு நாங்கள் கேட்பது ‘இன்னும் எத்தனை தடவை தாங்கும்’ என்பது. ஏறும்போது உடல் விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இதுதான் ஒரு சுற்று. எட்டு மணி நேரம் பறந்தாலும் ஒன்று, இருபது நிமிடம் பறந்தாலும் ஒன்று. அலோஹாவின் அந்தப் போயிங் 737 பறந்தது 35,496 மணி நேரம், 89,680 சுற்று. வகுத்துப் பாருங்கள், ஒரு தடவைக்கு 24 நிமிடம்கூட வராது. ஹவாயில் தீவுக்குத் தீவு தாவுகிற விமானம். அந்த வகையை வடிவமைத்தபோது அவர்கள் மனத்தில் இருந்த கணக்கு 75,000 சுற்று.

ஆனால் சுற்றுக் கணக்கு மட்டும் அதன் கூரையைப் பிய்க்கவில்லை. அந்த விமானத்தின் தோல் 0.9 மில்லிமீற்றர் தகடு. ஒரு தகட்டின் மேல் அடுத்த தகடு ஏறி உட்காரும் பொருத்தில் மூன்று வரிசை ரிவெட். ரிவெட்டின் தலை வெளியே துருத்தக் கூடாது என்பதற்காகத் துளையின் வாயைச் சரிவாகக் குடைவார்கள். தகடு மெல்லியது என்பதால் குடைவு அடிவரை போய், துளையின் அடி விளிம்பு கத்தி முனைபோல் ஆகிவிடும். வெடிப்புக்கு இதைவிட நல்ல நாற்று மேடை வேண்டியதில்லை. அது பரவாயில்லை என்று அவர்கள் விட்டதற்குக் காரணம், இரண்டு தகடுகளுக்கும் நடுவே பசை இருந்தது; சுமையைப் பசை தாங்கும், ரிவெட்டுக்குப் பெரிய வேலை இல்லை என்று எண்ணினார்கள். ஆரம்பகால 737களில் பயன்படுத்திய அந்தப் பசை முறை சரிவரவில்லை. ஈரம் நுழைந்தது, பசை விட்டது, உப்புக் காற்றில் அலுமினியம் அரித்தது, அரிப்பின் வெள்ளைப் பொடி தகடுகளைப் பிதுக்கியது. சுமை முழுவதும் மேல் வரிசை ரிவெட் துளைகளில் இறங்கியது.

வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தது ஒரு பெரிய வெடிப்பு. அது ஓடினால் 10 அங்குலத்துக்கு ஒன்றாக உள்ளே வைத்த பட்டியில் முட்டித் திரும்பும், தோல் ஒரு மடல்போல் திறக்கும், காற்றுப் போகும், விமானம் இறங்கும். நடந்தது அதுவல்ல. பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் ரிவெட் தலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெடிப்புகள் வரிசையாக வளர்ந்து, ஒரு நாள் ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன. சுமார் 18 அடி நீளத்துக்குக் கூரை போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். அவரைத் தவிர மற்ற எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். ஏறும்போதே கதவுக்குப் பக்கத்தில் வெடிப்பைக் கண்டதாக ஒரு பயணி பின்னர் விசாரணையில் சொன்னார். ஏறும்போது அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

கிண்ணியா மாணவி:

ஐயா, நான் பொறியியல் பீடத்தில் இரண்டாம் ஆண்டு. நீங்கள் சொன்ன தடிப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 737இன் உடல் அகலம் 3.76 மீற்றர், அமுக்க வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு 7.5 இறாத்தல், அதாவது அரைப் பாரை விடச் சற்றுக் கூடுதல். சுற்றுவட்டத் தகைப்பு ஏறக்குறைய 108 மெகாபாஸ்கல் வருகிறது. தோலுக்கு உள்ளே உள்ள உலோகச் சட்டங்களும் தாங்குவதால் உண்மையில் இதைவிடக் குறையும். அந்த அலுமினியக் கலப்புலோகம் இளகத் தொடங்குவது இதைப்போல் மூன்று மடங்கில். ஒரே ஒரு தடவை என்றால் பயமே இல்லை. ஆயிரக்கணக்கான தடவை என்னும்போதுதான் துளை விளிம்பில் பிரச்சினை வருகிறது என்று புரிகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். எயர்பஸ் ஏ380இன் முழு உடலையும் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஒரு மண்டபத்தில் வைத்து 47,500 பறப்புகளுக்குச் சமமாக ஏற்றி இறக்கினார்கள் என்று படித்தேன். திட்டமிட்ட ஆயுள் 19,000 பறப்பு, இரண்டரை மடங்கு. ஆனால் அது புத்தம் புதிய உடல். மண்டபத்தில் உப்புக் காற்று இல்லை, பசை கிழடாகவும் நேரமில்லை. அலோஹாவில் நடந்த அரிப்பை அந்தச் சோதனை எப்படிக் காட்டும்?

பழைய ஹங்கர்காரன்:

காட்டாது பிள்ளை. நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். எங்கள் கூடத்துக்கு வந்த பொறியியலாளர்களிலேயே சிலர் இதைக் கேட்டதில்லை.

முழு உடல் சோதனை எந்த இடத்தில் முதலில் வெடிக்கும் என்ற வரைபடத்தைத் தரும். ஆண்டுகள் செய்கிற சேதத்தைத் தராது. அதனால்தான் அலோஹாவுக்குப் பிறகு அமெரிக்கர்கள் கிழட்டு விமானங்களையே ஆய்வுக்கு எடுத்தார்கள். 60,000 சுற்றுக்கு நெருங்கி ஓய்வுபெற்ற ஒரு போயிங் 727இன் உடலைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். சில துண்டுகளை நியூ ஜெர்சியில் உள்ள அரச ஆய்வுக்கூடத்தில் ஒரு பொறியில் பூட்டி, இன்னும் பறந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று தொடர்ந்து அமுக்கம் ஏற்றி இறக்கினார்கள். பிறகு ரிவெட்டுகளைக் கழற்றி, துளைகளைப் பிளந்து, வெடிப்பு எங்கே பிறந்து எப்படி நகர்ந்தது என்று நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். இத்தகைய வேலைகளின் முடிவில் 2010இல் புதிய விதி வந்தது. ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும் தயாரித்தவர்கள் ஒரு எல்லை சொல்ல வேண்டும். இத்தனை சுற்று அல்லது இத்தனை மணி நேரம் வரைக்கும்தான் எங்கள் சோதனைகள் பேசும் என்று. எல்லையைத் தாண்டினால் பறக்கக் கூடாது. தாண்ட விரும்பினால் புதிதாகச் சோதித்துக் காட்ட வேண்டும்.

எல்லைக்கு உள்ளே இருக்கும்போது என்ன செய்கிறோம்? வெடிப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறோம். கருவி பிடிக்கக்கூடிய அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு அது வளர இத்தனை சுற்று ஆகும் என்று கணக்குப் போட்டு, அதற்குள் குறைந்தது இரண்டு தடவை கண்ணில் படும்படி சோதனை இடைவெளியை வைப்பார்கள். ஒரு தடவை தவறினாலும் மறு தடவை பிடிக்க வேண்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். பேனா அளவில் ஒரு சோதனைக் கோல், நுனிக்குள் கம்பிச் சுருள். அதில் ஆடலோட்டம் ஓடும்போது பக்கத்தில் உள்ள அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழும். வெடிப்பு குறுக்கே வந்தால் அந்தச் சுழல் குலையும், திரையில் புள்ளி துள்ளும். தொடங்குமுன் ஒரு மாதிரித் தகடு. அதில் தெரிந்தே கீறிய மயிர்க் கீறல் இருக்கும். அதன்மேல் கோலை ஓட்டி, புள்ளி எவ்வளவு துள்ளுகிறது என்று கருவியைச் சரிசெய்துகொள்வோம். பிறகு விமானத்தின் மேலே ஏறி, ஒவ்வொரு ரிவெட் தலையையும் வட்ட வார்ப்புரு வைத்துச் சுற்ற வேண்டும். கை சரிந்தாலும் துள்ளும், துளையின் விளிம்பு பட்டாலும் துள்ளும். எது வெடிப்பு, எது கை என்று பிரிப்பதுதான் தொழில். மேல் தகட்டுக்கு உயர் அலைவெண். அடித் தகட்டைப் பார்க்க வேண்டுமானால் அலைவெண்ணைக் குறைக்க வேண்டும். ஆழம் போகும், ஆனால் சின்ன வெடிப்பு தெரியாது.

இதைப் பெரும்பாலும் இரவில்தான் செய்வோம். விமானம் பகலில் சம்பாதிக்க வேண்டுமே. நூற்றுக்கணக்கான ரிவெட்டில் ஒன்றுமே இல்லாமல் போகும். அடுத்ததிலும் ஒன்றும் இருக்காது என்று மூளை தானே முடிவு கட்டிவிடும். அலோஹா விசாரணை அறிக்கையும் இந்தச் சலிப்பையும் இரவு வேலையையும் பற்றிப் பேசியிருக்கிறது. புதிய கருவி வாங்க ஓடுகிற முகாமையாளர்கள், சோதிப்பவனுக்கு ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க யோசிப்பார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

உப்புவெளிக்காரன்:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு மடங்கு அமுக்கம் கொடுத்த துண்டு கூடுதலாக உழைத்தது என்பது என் தொழிலில் யாரும் சொல்லித் தராத விடயம். அப்படியானால் ஏற்றி இறக்குவதால் வரும் இந்த உலோகச் சோர்வு என் சிலிண்டர்களுக்கும் உண்டா? ஒட்டுத் தகட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றீர்கள், அதையும் மறந்துவிடாதீர்கள்.

பழைய ஹங்கர்காரன்:

சிலிண்டரின் சுவர் தடிப்பு; நீங்கள் நிரப்புகிற எண்ணிக்கையும் குறைவு. உங்களுக்கு வேறு தலைவலி. 6351 என்ற கலப்புலோகத்தில் செய்த பழைய அலுமினியச் சிலிண்டர்களின் கழுத்து மரையில் வெடிப்பு வரும். ஏற்றி இறக்குவதால் அல்ல. நிரப்பியபடியே நீண்ட நாள் வைத்திருந்தாலே அது மெதுவாக வளரும். தண்ணீர்ச் சோதனையில் தேறிய சிலிண்டரிலும் இருக்கலாம். அதற்கும் இதே சுழல் மின்னோட்டக் கோல் இருக்கிறது, மரைக்குள் திருகி இறக்குவது. 1980களின் சிலிண்டர் ஏதாவது உங்களிடம் கிடந்தால் எந்தக் கலப்புலோகம் என்று முதலில் பாருங்கள்.

இனி ஒட்டு. கதவைச் சுற்றி ஒட்டு இருப்பது சாதாரணம். ஏணி வண்டியும் உணவு வண்டியும் வந்து இடிக்கிற இடம் அது. நசுங்கிய பகுதியை வெட்டி எடுத்து, உள்ளே நிரப்புத் தகடு வைத்து, மேலே பெரிய தகட்டை வைத்து ரிவெட் அடிப்பார்கள். மூலைகள் வளைந்திருந்தனவா, ரிவெட் வரிசைகள் ஒழுங்காக இருந்தனவா? அப்படியென்றால் கைப்புத்தகம் பார்த்துச் செய்தவன் வேலை. சிலிண்டரில் 200 பார், இங்கே அரைப் பார். நீங்கள் திருப்பி அனுப்புவதும் சரி, அவர்கள் பறப்பதும் சரி.

ஆனால் ஒட்டுக்குப் பயப்படவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1985இல் ஜப்பானில் 520 பேர் இறந்த போயிங் 747க்கு ஏழு ஆண்டுக்கு முன்னர் வால் தரையில் உரசிப் பின்பக்க அமுக்கச் சுவர் பழுதுபட்டது. திருத்தும்போது ஒரே தகடாகப் போட வேண்டியதை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமையை ஒரு வரிசை தாங்கியது. 2002இல் தாய்வானுக்கு அருகே இன்னொரு 747, 225 பேர். அதற்கும் வால் உரசல்தான், 1980இல். கீறல் விழுந்த தோலை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே தகட்டை மூடி ரிவெட் அடித்துவிட்டார்கள். கீறலிலிருந்து பிறந்த வெடிப்பு ஒட்டுக்கு அடியில் 22 ஆண்டு ஒளிந்து வளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நல்ல ஒட்டாகத்தான் தெரிந்தது.

கீறல் என்றதும் ஒன்று. பழைய நிறப்பூச்சையும் பொருத்தில் உள்ள பசையையும் சுரண்டி எடுக்கும்போது சிலர் உலோகக் கத்தி வைத்தார்கள். தோலில் மயிரளவு கோடு விழுந்தது. அந்தக் கோட்டிலிருந்து வெடிப்பு பிறப்பதைப் பல 737களில் கண்டுபிடித்தார்கள். எங்கள் கூடத்தில் பிளாஸ்டிக் சுரண்டி தவிர வேறு எதையும் தொட விடமாட்டேன். அவசரத்தில் ஒருவன் காற்சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தபோது கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டேன். அவன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மட்கோ ராசா:

சதுர ஜன்னல் கதையைத் திரும்பப் பெறுகிறேன் ஐயா. ஆனால் எல்லாம் 70, 80களின் விமானங்களாகவே சொல்கிறீர்கள். இப்போதைய விமானங்களிலும் வெடிப்பு வருமா?

பழைய ஹங்கர்காரன்:

வரும். 2019இல் 737இன் புதிய தலைமுறை விமானம் ஒன்றைச் சரக்கு விமானமாக மாற்றப் பிரித்தபோது, இறக்கையை உடலோடு பிணைக்கும் முள்ளுக்கரண்டி வடிவத் துண்டில் வெடிப்பைக் கண்டார்கள். அந்த விமானத்தின் ஆயுள் முழுவதும் உழைக்கும் என்று எண்ணிய பாகம். உடனே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது: 30,000 சுற்றுத் தாண்டியவற்றை ஏழு நாளுக்குள் பார், 22,600 தாண்டியவற்றை அடுத்த 1,000 சுற்றுக்குள் பார் என்று. பார்த்தார்கள், பலவற்றில் கண்டார்கள், மாற்றினார்கள். யாரும் சாகவில்லை, ஆகவே அது உங்கள் காதுக்கு வரவில்லை.

கிண்ணியா மாணவி:

ஐயா, கடைசியாக ஒன்று. இந்தச் சோதனைத் தொழிலுக்குப் போக என்ன படிக்க வேண்டும்? என் தம்பி உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறான். சீனக்குடாவில் விமானம் இறங்குவதைப் பார்க்கவே சைக்கிளில் போகிறவன்.

பழைய ஹங்கர்காரன்:

அழிக்காமல் சோதிக்கும் முறைகளுக்கு மூன்று நிலைகளில் தகுதி உண்டு. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி வகுப்பு, மேற்பார்வையின் கீழ் இத்தனை மணி நேர வேலை, பிறகு பரீட்சை. முதல் நிலையில் இருப்பவன் சொன்னபடி செய்யலாம். வெடிப்பா இல்லையா என்று முடிவு எழுதிக் கையொப்பமிடுவதற்கு இரண்டாம் நிலை வேண்டும். சுழல் மின்னோட்டத்தையும் மீயொலியையும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள், வேலை கிடைக்கும். பௌதிகத்தில் மின்காந்தத் தூண்டல் பாடத்தை மேலோட்டமாகப் படித்திருந்தால் மறுபடியும் படிக்கட்டும்.

பணம் கட்டுமுன் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரிகிறதா என்று ஆண்டுதோறும் சோதிப்பார்கள், நிறம் பிரித்தறிவதையும் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டுத் தேறினால் போதும்.

மற்றது, தம்பி ஓடுதளப் பக்கம் போனால் வேலிக்கு வெளியிலேயே நிற்கச் சொல்லுங்கள். அது விமானப்படை இடம்.

உப்புவெளிக்காரன்:

கடையில் கிடந்த பழைய சிலிண்டர்களைப் பார்த்தேன் ஐயா. இரண்டில் 6351 என்று குத்தியிருக்கிறது. இரண்டையும் காற்றை இறக்கி ஒதுக்கி வைத்துவிட்டேன். கழுத்து மரைக்குள் இறக்கும் அந்தக் கோல் கொழும்பில் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் தனிச் செய்தியில் எழுதுங்கள்.